அரை மாத்திரையும் ரெண்டாவது பிரேக்கும்

பிரேக்கம்மாவுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுடைய லைசென்ஸைத் தவிர வேறெங்கும் புழங்கவில்லை. தம்பி நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள்தான். அந்த வட்டாரத்தில் ஒரு பெண் திருப்பத்தில் காரை அழகாக வளைக்கிறாள் என்றால், இவளிடம் நன்றாகத் திட்டு வாங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். "கண்ணாடியப் பாருன்னா உன் மூஞ்சியப் பார்க்குறியே, அலங்காரம் பண்ணவா வந்த?" என்று இவள் போடுகிற சத்தத்தில், பக்கத்தில் பைக்கில் போகிறவன்கூடத் தன் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வான்.

கற்றுக்கொடுக்கிற காரில் ஒரு விசேஷம் உண்டு. ஓட்டுகிறவர் காலடியில் மூன்று பெடல் இருக்கும். பக்கத்து சீட்டில் டீச்சர் காலடியில் ஒன்றே ஒன்று இருக்கும். அது ரெண்டாவது பிரேக். ஓட்டுகிறவள் கை கால் புரியாமல் தடுமாறினால் டீச்சர் அதை மிதிப்பாள், வண்டி நின்றுவிடும். பிரேக்கம்மாவின் வலது கால் அந்தப் பெடலுக்கு மேலே தொட்டும் தொடாமலும் பகல் முழுக்கக் காவல் நிற்கும். அவள் வாய் எத்தனை வேகமோ, கால் அதைவிட வேகம். "என் வண்டி மேல இதுவரைக்கும் ஒரு கீறல் கிடையாது, வந்து தடவிப் பாரு" என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள். ஒருத்தி நிஜமாகவே தடவிப் பார்த்தாள். அவளுக்குத் தனியாகத் திட்டு விழுந்தது.

இந்த சீட்டுக்கு அவள் ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. ஸ்கூலில் போன் எடுப்பது, வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பது, அவ்வளவுதான் அவள் வேலையாக இருந்தது. அப்போதிருந்த டீச்சர் ஒரு நாள் காலை வண்டியிலிருந்து இறங்கி, "எனக்கு நெஞ்சு தாங்காது சார்" என்று சாவியை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வாசலில் ஒரு பெண் பாடத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். "தள்ளு, நான் போறேன்" என்று இவள் சாவியை எடுத்தாள். "அக்கா, உனக்கே லைசென்ஸ் வந்து ஒரு மாசம்தான் ஆவுது!" என்று தம்பி பின்னாலேயே ஓடி வந்தான். "ஓட்டப் போறது நான் இல்லயே, அவதானே?" என்றாள் இவள். பேச்சில் அவளை மடக்க ஆள் இல்லை. அன்று ஏறி உட்கார்ந்தவள்தான்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் தூக்கம் போயிற்று. போனது என்றால் லேசாகப் போகவில்லை, மூட்டை முடிச்சோடு போயிற்று. படுத்தால் போதும், கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர ஆரம்பிக்கும். வலி இல்லை, அரிப்பு இல்லை, ஆனால் காலை அசைத்தே ஆகவேண்டும். எழுந்து நடந்தால் அடங்கும். படுத்தால் மறுபடி ஊரும். அசதியில் கண் சொருகுகிற நேரம் பார்த்து வலது கால் தானாக வெட்டி உதைக்கும்.

அந்த உதையை வாங்கியவர் அவள் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுகிற புண்ணியவான். "எனக்கு லிஃப்ட் அறுந்து விழுற மாதிரியே கனவு வருதும்மா" என்று முதலில் புலம்பினார். பிறகு இருவருக்கும் நடுவே தலையணைகளை அடுக்கி ஒரு சுவர் எழுப்பினார். "டாக்டரப் போய்ப் பாரேன்" என்று சொல்லியும் பார்த்தார்.

"எதுக்கு? எனக்கே தெரியும் என்னன்னு" என்றாள் பிரேக்கம்மா. "நாள் பூரா பிரேக்க மிதிக்கிற காலுங்க இது. ராத்திரியும் டூட்டி பார்க்குது. தூக்கம் வந்துட்டா காலும் அடங்கிடும். எனக்கு வேண்டியது தூக்கம்தான், டாக்டர் இல்ல." கால்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பார்க்காமல், தூக்கம் வந்தால் கால் அடங்கும் என்று பிடித்துக்கொண்டாளே, அங்கேதான் அவள் சறுக்கினாள். ஆனால் அதை அவளிடம் யார் போய்ச் சொல்வது?

டிரைவிங் ஸ்கூல் காரில் ஒரே நேரத்தில் மூன்று பேர் ஏறுவார்கள். ஒருத்தி ஓட்டுவாள், மற்ற இருவரும் பின் சீட்டில் தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். அந்தப் பின் சீட்டு இருக்கிறதே, அது ஒரு தனிக் கச்சேரி. மருமகள் சமாச்சாரம் முதல் மூட்டு வலி வரை அங்கே அலசப்படாத விஷயம் கிடையாது. பிரேக்கம்மாவின் காலைவேளைக் குழுவில் ஒருத்தர் பென்ஷன் மேடம். தபால் ஆபீஸில் ஓய்வு பெற்றதும், "இனிமே எவன் தயவும் வேணாம்" என்று ஓட்டக் கற்க வந்தவர். இன்னொருத்தி தையற்கடை நடத்துகிறவள். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும்.

மூன்றாவது, அச்சச்சோ. அவள் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறாள். பச்சைக் குழந்தைக்குக்கூட ஊசி குத்தியது தெரியாமல் ரத்தம் எடுக்கிற கை அவளுடையது. அதே கை ஸ்டியரிங்கைத் தொட்டதும் உதறும். எதிரே கோழி வந்தாலும் "அச்சச்சோ", ஹார்ன் கேட்டாலும் "அச்சச்சோ". இரண்டு முறை டெஸ்டில் கோட்டை விட்டிருந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் அவள் லேப் புதுக் கிளை திறந்திருந்தது. அதற்கு அவளையே பொறுப்பாகப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். விடியற்காலையில் திறக்க வேண்டும், அந்த நேரத்தில் பஸ் கிடையாது. இந்த முறையும் லைசென்ஸ் கிடைக்காவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். பிரேக்கம்மா அவளைத்தான் எல்லோரையும்விட அதிகமாகத் திட்டினாள். பாசம்தான், வேறென்ன?

ஒரு நாள் தையற்கடைக்காரி ஓட்டிக்கொண்டிருக்கும்போது பிரேக்கம்மா கொட்டாவி விட்டாள். பின் சீட்டு உடனே விழித்துக்கொண்டது.

"என்ன டீச்சர், தூக்கம் இல்லையா?" என்றார் பென்ஷன் மேடம்.

"ஒரு பொட்டுத் தூக்கம் இல்லங்க."

"அட, அதுக்கு ஏன் கவலைப்படுறீங்க! எனக்கு அரிப்புக்குன்னு தோல் டாக்டர் ஒரு மாத்திரை குடுத்தாரு. அரிப்பு போச்சோ இல்லையோ, அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். காலைல பால்காரன் கதவ ஒடைக்காத குறை."

"அதெல்லாம் ஒரு மாத்திரையா?" ஸ்டியரிங்கிலிருந்து தையற்கடைக்காரி திரும்பினாள்.

"ரோட்டப் பாரு!" என்று பிரேக்கம்மா மிதித்தாள். எல்லோரும் ஒருமுறை முன்னால் குனிந்து நிமிர்ந்தார்கள்.

தையற்கடைக்காரி ரோட்டைப் பார்த்தபடியே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "எனக்குக் கழுத்து நரம்பு வலிக்குக் குடுத்தாங்க டீச்சர், ஒரு சின்ன மாத்திரை. முன்னாடியெல்லாம் மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுப்பாங்களாம். படுத்ததுதான் தெரியும். அரிப்பு மாத்திரையெல்லாம் அதுக்கு முன்னாடி நிக்க முடியாது."

"ஏன் நிக்காது? உன் மாத்திரையப் போட்டா நாக்கு வறண்டு போவுதுன்னு நீதானே சொன்ன?" என்று பென்ஷன் மேடம் விடவில்லை. வண்டி ஸ்கூல் வாசலுக்கு வருகிறவரை இரண்டு மாத்திரைகளுக்கும் நடந்த சண்டையில் கிளட்ச்சை யாரும் கவனிக்கவில்லை. அச்சச்சோ மட்டும் மெல்ல, "டாக்டர் உங்களுக்குன்னு எழுதிக் குடுத்தத இன்னொருத்தருக்குக் குடுக்கலாமா?" என்று கேட்டாள். "நீ மொதல்ல கியர் போடக் கத்துக்க" என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மறுநாளே இரண்டு பட்டையும் பிரேக்கம்மாவின் கைப்பைக்கு வந்து சேர்ந்தன. முதலில் அரிப்பு மாத்திரை. கண் கனத்தது உண்மைதான். ஆனால் கால் இருக்கிறதே, அது முன்பு எறும்பு ஊர்ந்தது என்றால் இப்போது எறும்புப் புற்றே குடியேறியது போலாயிற்று. தூங்கவும் முடியாமல் விழிக்கவும் முடியாமல் கூடத்தில் நடந்து தீர்த்தாள். அடுத்து கழுத்து வலி மாத்திரை. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. காலின் ஆட்டம் குறைந்தபாடில்லை. போதாக்குறைக்கு ஒரு பசி வந்தது பாருங்கள், காலையில் வீட்டுக்காரர் ரொட்டியைத் தேடினால் வெறும் பை மட்டும் இருந்தது. "எலி வந்துச்சா?" என்றார் அவர். "ஆமா, பெரிய எலி" என்று சொல்லிவிட்டு அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். தலை ஈரச் சாக்கு மாதிரி கனத்தது.

மூன்றாவது மாத்திரை சொந்தத்தில் கிடைத்தது. நாத்தனார், வீட்டுக்காரருடைய அக்கா, படபடப்புக்காக வெகு நாளாக ஒரு மாத்திரையில் பாதி போட்டுக்கொள்கிறவர். போனில் கதையைக் கேட்டதும், "அடி பைத்தியக்காரி, கண்டவங்ககிட்டயும் கேக்குறதுக்கு என்கிட்ட கேக்கக் கூடாதா?" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டு, நாலைந்து மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தனுப்பினார்.

அந்த அரை மாத்திரை என்ன மாயம் செய்ததோ, பிரேக்கம்மா தூங்கினாள். உண்மையான, வாய் பிளந்த, குறட்டைத் தூக்கம். காலையில் எழுந்து, "அண்ணி, நீங்க நல்லாருக்கணும்" என்று போனிலேயே கும்பிட்டாள். பின் சீட்டில் முடிவு அறிவித்தாள்: முதல் பரிசு நாத்தனார் மாத்திரைக்கு, மற்ற இரண்டும் தோல்வி. பென்ஷன் மேடத்துக்கும் தையற்கடைக்காரிக்கும் முகம் சுருங்கிவிட்டது. அன்று இருவரும் வண்டியை இரண்டு தடவை நிறுத்திப் போட்டார்கள்.

ஆனால் நாலைந்து நாளில் அரை மாத்திரையின் பவுசு குறைந்தது. முன்பு போல அமுக்கவில்லை. மறுபடியும் கால் எட்டிப் பார்த்தது. இங்கேதான் பிரேக்கம்மா தன் தொழில் புத்தியைக் காட்டினாள். வேறு யாருக்கும் இப்படித் தோன்றியிருக்காது. அவள் தினமும் தொண்டை கிழியக் கத்துகிற பாடம் ஒன்று உண்டு: "பிரேக்க மட்டும் மிதிச்சா வண்டி குலுங்கி ஆஃப் ஆயிடும். கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதி, பூ மாதிரி நிக்கும்!" அதையே தனக்கும் பாடமாக எடுத்துக்கொண்டாள். நாத்தனாரின் அரை மாத்திரை பிரேக். பென்ஷன் மேடத்தின் அரிப்பு மாத்திரை கிளட்ச். இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அறிவாளி!

காலையில் வீட்டுக்காரர் உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. முகம் கழுவினாள், இரண்டு டம்ளர் டீ குடித்தாள், "தெளிவாத்தான் இருக்கேன்" என்றாள். தெளிவாக இருப்பதாகவே அவளும் நம்பினாள். வெயிலில் கண் கூசியதால் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டாள். அச்சச்சோ ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். "ஃபர்ஸ்ட் கியரப் போடு" என்று சொன்னது பிரேக்கம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது.

அடுத்து அவளுக்கு ஞாபகம் இருப்பது ஆறு. எதிரே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் நின்றிருந்தது. வண்டி ஒரு மரத்து நிழலில், கோடு போட்டு வைத்த மாதிரி ஓரமாக நின்றிருந்தது. வெயில் ஏறியிருந்தது. பின் சீட்டில் இருவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அச்சச்சோ ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்து விசும்பிக்கொண்டிருந்தாள்.

பிரேக்கம்மா அவசரமாக வண்டியின் முன்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். யாரை இடித்தாள்? யார் செத்தது?

"டீச்சர்," அச்சச்சோ நிமிர்ந்தாள். அழுகை இல்லை, அது ஆனந்தம். "வழக்கமா திரும்புற எடத்துல நீங்க ஒண்ணும் சொல்லல. சரி, நேராப் போகச் சொல்றீங்கன்னு வந்துட்டேன். பாலம் வந்துச்சு. அப்பவும் ஒண்ணும் சொல்லல. நீங்க பாட்டுக்கு அசையாம உக்காந்திருந்தீங்க. டீச்சரே என்னை நம்புறாங்க, அப்புறம் எனக்கென்ன பயம்னு ஓட்டிட்டேன் டீச்சர்! பாருங்க, எங்க புது லேப் அதோ!"

"ஒரு வார்த்தை திட்டலயே! இதான் டீச்சர் உண்மையான பாடம்" என்றார் பென்ஷன் மேடம். "நாங்க ரெண்டு பேரும் ஜாக்கெட் அளவு பேசிக்கிட்டே வந்தோமா, ரோட்டையே பார்க்கல. ஒரு குலுக்கல் இல்லையே!" என்றாள் தையற்கடைக்காரி.

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பிரேக்கம்மாவின் கண்கள் பிதுங்கின. வலது காலைக் குனிந்து பார்த்தாள். அது பெடலுக்கு மேலே இல்லை. எங்கோ ஓரமாக, செருப்பு கழன்று, யாருடைய காலோ மாதிரி கிடந்தது. அவசரமாக அதைச் செருப்புக்குள் நுழைத்தாள். "ம், பரவாயில்ல" என்று மட்டும் சொன்னாள். திரும்பி வருகிற வழி முழுக்கத் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டு வந்தாள்.

அன்று மதியமே டாக்டரிடம் போனாள். மூன்று பட்டைகளையும் மேஜையில் கொட்டினாள். டாக்டர் அம்மா நடுத்தர வயது, சிரித்த முகம். மாத்திரைகளைப் புரட்டிப் பார்த்தார். "கடை வைக்கப் போறீங்களா?" என்றார்.

பிரேக்கம்மா எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு வரைக்கும் சொன்னாள். டாக்டரின் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

"இதப் பாருங்க. இது அரிப்புக்கு, இது நரம்பு வலிக்கு. ரெண்டுலயும் தூக்கம் கூடவே ஒட்டிக்கிட்டு வர்றது, அதுக்காகச் செஞ்சது இல்ல. இந்த மூணாவது தூக்கத்த இழுத்துட்டு வரும், ஆனா கொஞ்ச நாள்ல ஒடம்பு பழகிடும், அப்புறம் இன்னும் கேக்கும். எதையும் எதோடயும் சேர்த்தீங்கன்னா ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு இல்ல, மூணு. காலைல தெளிவா இருக்கேன்னு நீங்க நினைப்பீங்க. உங்க கால் நினைக்காது."

"அப்ப இதுல எது நல்லது டாக்டர்?"

"உங்களுக்கா? எதுவும் இல்ல. உங்களுக்குத் தூக்கம் வரலையா, கால் தூங்க விடலையா?"

இதை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. தனக்குத் தானே கேட்டதும் இல்லை.

"கால்தான்" என்றாள்.

"அதான் வியாதி. படுத்தா ஊரும், நடந்தா அடங்கும், இல்லையா? அரிப்பு மாத்திரையும் கழுத்து வலி மாத்திரையும் நிறையப் பேருக்கு அத இன்னும் கிளறி விட்டுடும். ரத்தத்துல இரும்புச் சத்து கொறஞ்சா இப்படி வர்றதுண்டு, பார்த்துடலாம்." (பின்னால் வந்த ரிப்போர்ட்டும் அதையே சொன்னது, அது கிடக்கட்டும்.) "இன்னொண்ணு. உங்க நாத்தனார்கிட்ட யாருக்கும் இனிமே தானம் பண்ண வேணாம்னு சொல்லுங்க. அதுக்காக அவங்க பயந்துபோய் டக்குனு நிறுத்திடவும் கூடாது, அவங்க டாக்டரக் கேட்டுத்தான் எதுவும். நீங்க நான் சொல்ற வரைக்கும் அந்த சீட்டுல ஏறக் கூடாது. ஓட்டவும் கூடாது."

தம்பியிடம் சொன்னபோது அவன் குதித்தான். "தூங்கிட்டியா? வண்டியிலயா?" சத்தத்தைக் கேட்டு வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்க்க, உடனே கதவைச் சாத்தினான். குரல் தாழ்ந்தது. "அக்கா, நான் உன் வண்டிய எடுத்துக்குறேன். ஆனா வெளியே மூச்சு விடாத. அதுவும் அந்தப் பொண்ணுகிட்ட. திங்கக்கிழமை அவளுக்கு டெஸ்ட். இப்பதான் தைரியமே வந்திருக்கு, அதுல மண்ணப் போட்டுடாத."

வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். "டெஸ்ட் முடியட்டும். லைசென்ஸ் கைக்கு வந்ததும் சிரிச்சுக்கிட்டே சொல்லு. இப்ப சொன்னா அந்தப் பொண்ணு ஸ்டியரிங்கத் தொடாது. அந்த வேலையும் போயிடும்."

நியாயம்தான். பிரேக்கம்மாவும் சரி என்றுதான் தலையாட்டினாள். ஆனால் மனசு கேட்கவில்லை. பக்கத்தில் டீச்சர் கால் இருக்கிறது என்று நம்பித்தானே அவள் பாலம் ஏறினாள்? அந்தக் கால் செருப்பு கழன்று கிடந்தது அவளுக்குத் தெரியாதே. திங்கட்கிழமையும் அதே நம்பிக்கையில் போவாள். அங்கே பக்கத்தில் உட்காரப் போவது முன்பின் தெரியாத அதிகாரி. சொன்னால் பெண்ணின் தைரியம் போகும், சொல்லாவிட்டால் பொய்யின் மேல் ஏறி ஓட்டப் போகிறாள். பிரேக்கம்மாவுக்கு அழுகையாக வந்தது.

ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் இருந்தது யார்? அச்சச்சோதான். ஊரில் நல்ல லேப் அது ஒன்றுதான், வேறெங்கே போவது? "டீச்சர்! வாங்க வாங்க!" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். நரம்பைத் தட்டினாள். பேச்சு நிற்கவில்லை. "நேத்து எங்க அம்மாகிட்ட சொன்னேன், எங்க டீச்சர் ஒரு வார்த்தை பேசாமலேயே எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்துட்டாங்கன்னு. திங்கக்கிழமையும் உங்க மூஞ்சிய நினைச்சுக்கிட்டே ஓட்டப்போறேன். கைய மடக்காதீங்க."

ஊசி இறங்கியது. வலிக்கவே இல்லை. அந்தக் கையின் அழகைப் பார்த்ததும் பிரேக்கம்மாவுக்குத் தாங்கவில்லை.

"நான் அன்னைக்குப் பேசாம வந்தேன்ல... உன்மேல நம்பிக்கை வெச்சு இல்லம்மா. தூங்கிட்டேன்."

ஊசி அசையவில்லை. குழாய் நிரம்பியது. அச்சச்சோ அதைக் கழற்றி அடுத்ததைச் சொருகினாள். அதுவும் நிரம்பியது. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து, "அழுத்திப் பிடிங்க" என்றாள். குரலில் ஒன்றுமே தெரியவில்லை.

"எங்கேருந்து தூங்குனீங்க?"

"ஃபர்ஸ்ட் கியர்லேருந்து. மாத்திரை... ரெண்டு மாத்திரை சேர்த்துப் போட்டுட்டேன்."

"ரவுண்டானாவுல?"

"தூங்கிட்டிருந்தேன்."

"பாலத்து மேல?"

"அங்கயும்தான்."

"பாலத்துல லாரி ஏறி வந்துச்சே, லைட்டப் போட்டுக்கிட்டு, நான் ஓரங்கட்டி நின்னேனே, அப்ப உங்க கால் பிரேக்ல..."

"லாரி வந்துச்சா?" என்றாள் பிரேக்கம்மா.

அச்சச்சோ கையுறையைக் கழற்றி மேஜையில் வீசினாள். பிறகு ஆரம்பித்தாள். எங்கேதான் வைத்திருந்தாளோ அத்தனை சத்தத்தை! "உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? அடுத்தவங்க மாத்திரைய எடுத்து முழுங்க நீங்க என்ன சின்னக் குழந்தையா? எனக்கு வீட்டுல புள்ள இருக்கு! பின்னாடி ரெண்டு பேரு உக்காந்திருந்தாங்க! கண்ணாடியப் பாரு, ரோட்டப் பாருன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, நீங்க எதப் பார்த்தீங்க?" காத்திருந்தவர்கள் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் ரத்தமே கொடுக்காமல் எழுந்து போய்விட்டார். பிரேக்கம்மா பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டாள்.

மூச்சு வாங்கிக்கொண்டு அச்சச்சோ ஸ்டூலில் உட்கார்ந்தாள். குழாய்களில் ஒட்டுவதற்கான சீட்டை எடுத்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்ப லாரி வந்தப்போ ஓரங்கட்டுனது யாரு?"

"நீதான்."

"நான் நிக்கும்போது பிரேக்கு பூ மாதிரி புடிச்சுச்சே. நீங்கதான் உங்க பக்கத்துலேருந்து மிதிச்சீங்கன்னு நினைச்சேன்."

"நான் எங்க மிதிச்சேன்? நீதாம்மா மிதிச்ச. எல்லாமே நீதான். நீ மட்டும்தான் அந்த வண்டியில முழிச்சிருந்த."

அச்சச்சோ சீட்டில் எழுதினாள், ஒட்டினாள், குழாய்களை வரிசையில் வைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரேக்கம்மாவுக்குப் புரியவில்லை. அவளுக்கே புரிந்திருக்காது.

"திங்கக்கிழமை நீங்க வாங்க" என்றாள் கடைசியில். "ஆனா என் பக்கத்துல இல்ல. ஓரமா நின்னு பாருங்க. முழிச்சுக்கிட்டு."

"சரிம்மா."

"அடுத்த ஆள வரச் சொல்லுங்க."

பிரேக்கம்மா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்த ஆள் உள்ளே போனார். திரைச்சீலைக்குப் பின்னால், "கைய நீட்டுங்க, பயப்படாதீங்க" என்று அவள் அதட்டுகிற குரல் கேட்டது. அந்த லாரி பெரிசா, சின்னதா, எத்தனை பக்கத்தில் வந்தது என்று கேட்கலாமா என்று பிரேக்கம்மா இரண்டு முறை எழுந்தாள். தைரியம் வரவில்லை. பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.